பெடலை மிதிப்பது யார்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: துணுக்காய்ப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் பதினைந்து, இருபது பேர் கூடுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள், சில அம்மாமார், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். போனும் இணையமும் மனிதரை என்ன செய்கின்றன என்று பேசும் நூல், படம், தொடர், பொட்காஸ்ட் எவை, எதிலிருந்து தொடங்கலாம்? பலருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. டேட்டாவும் மட்டுமட்டு.

வெறும் பட்டியல் என்றால் ஐந்து நிமிடத்தில் தந்துவிடலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வருசா வருசம் போடுகின்றன. அவற்றில் முக்கால்வாசி, எல்லாம் கையில் இருந்து அலுத்துப்போனவருக்கு எழுதியவை. போனை அணைத்து வை, காட்டுக்குள் போய் இரு, ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் வாழ்ந்து பார் என்பார்கள். வன்னியில் இருந்து இதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும். நாங்கள் இருபது வருசத்துக்குக் கிட்ட அப்படி வாழ்ந்து பார்த்தவர்கள். எங்களுக்கு அது யோகாசனம் இல்லை.

தொண்ணூறுகளில் நான் அக்கராயனில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். ரோர்ச் பற்றரி தடைசெய்த பொருள்களில் ஒன்று. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் உயிர் எடுப்போம். அதுவும் முடிந்தால் சைக்கிள்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு சாய்த்து, அதிலிருந்து வயர் இழுப்போம். டைனமோ தருவது ஆறு வோல்ற் ஏ.சி. நேரே கொடுத்தால் ரேடியோ இரையும். பழைய செற்றில் கழற்றிய டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டுக் கொடுப்பேன். ஒரு பெடியன் பெடல் மிதிப்பான், இருபது பேர் சுற்றி இருந்து பிபிசி தமிழோசை கேட்போம், வெரித்தாஸ் வானொலி கேட்போம். அவனுக்குக் களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் இறங்கும். “டேய், மிதியடா” என்று ஒரு கிழவர் அதட்டுவார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒளிவுமறைவு இல்லை. மிதிக்கிறவன் யார், கேட்கிறவர் யார், குரல் எங்கிருந்து வருகிறது, மூன்றும் எல்லோருக்கும் தெரியும். இப்போது உங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் போனில் இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஒரு நூலோ தொடரோ கைக்கு வந்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பெடலை மிதிப்பது யார் என்று அது காட்டுகிறதா? காட்டினால் வைத்திருப்பேன். போன் கூடாது, காலம் கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னால், அதை எங்கள் வீட்டுக் கிழவியே இலவசமாகச் சொல்லுவா.

தொடங்குவதற்கு ஒரு கதை. ஈ. எம். ஃபோஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1909 இல் எழுதிய ‘த மெஷின் ஸ்டொப்ஸ்’, இயந்திரம் நிற்கிறது. நீளமான சிறுகதை, மூன்று பகுதி. மனிதர் எல்லோரும் நிலத்துக்கடியில், தேன்கூட்டு அறை போன்ற அறைகளில் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறார்கள். சாப்பாடு, குளிப்பு, கட்டில், பாட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான். ஒரு வட்டத் தட்டில் மற்றவரின் முகம் தெரியும், அதில் கதைக்கலாம். தாய் உலகின் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். மகன் அழைக்கிறான். நேரில் வா என்கிறான். தாய்க்கு விளங்கவில்லை: இப்போது உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? இந்த இயந்திரத்தின் ஊடாக இல்லை, உன்னை நேரே பார்க்க வேண்டும் என்கிறான் அவன். ரீவி இல்லாத, ரேடியோ நிலையங்கள்கூடப் பிறக்காத காலத்தில் ஒரு மனிதர் இதை எழுதியிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நல்லது, அந்த அவநம்பிக்கையில் இருந்தே தொடங்குங்கோ.

கிளிநொச்சியில் ஒரு கூட்டத்தில் நான் இதைத் தமிழில் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மகன்களும் கனடாவில் இருக்கிற ஓர் அம்மா கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, “அந்தத் தாய்க்கு விசாப் பிரச்சினை இல்லைத்தானே தம்பி, போயிருக்கலாமே” என்றா. எனக்கு அது பெரிய வெளிச்சம். கதையில் வரும் தாய் போக முடிந்தும் போக மனமில்லாதவள். ஆகாயக் கப்பல் வாசலில் நிற்கிறது. எங்கள் தாய்மாருக்கு மனம் இருக்கிறது, கப்பல்தான் இல்லை. அவர்களுக்கு வீடியோ கோல் என்பது சோம்பலின் அடையாளம் இல்லை, உறவின் கடைசி இழை. இந்த வித்தியாசத்தை உங்கள் வட்டத்தில் பேசாமல் அடுத்த புத்தகத்துக்குப் போக வேண்டாம். வெளிநாட்டு ஆசிரியர் சொல்வதை எந்த இடத்தில் எங்கள் அளவுக்கு வெட்டித் தைக்க வேண்டும் என்பது அங்கேதான் பிடிபடும்.

தமிழில் முதலில் எடுக்க வேண்டியது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. விகடனில் இருந்து தாள் தாளாகக் கிழித்து, நூலால் கட்டிய ஒரு கட்டாகத்தான் நான் அதை வாசித்தேன். நடுவில் இரண்டு வாரம் இல்லை, அந்த இடத்தை நானே கற்பனை பண்ணிக்கொண்டேன். பிள்ளை பெறவே அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டிய ஒரு நாடு. ஜீனோ என்று இயந்திர நாய் ஒன்று. எல்லோரும் ஜீனோவைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், புத்தகம் வாசிக்கும் நாயை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் கதை தொடங்குவது நிலாவின் கணவன் சிபி காணாமல் போவதோடு. அவள் தேடிப் போகிறாள். வன்னியில் இந்த வரியை வாசிக்கும்போது வாசிப்பவர் ஒரு கணம் நிற்பார், நிற்க விடுங்கோ. நாட்டை ஆளும் ஜீவா யார் என்ற கேள்விக்குக் கடைசியில் வரும் விடையை நான் சொல்லப்போவதில்லை. பொய்யான முகத்தையும் குரலையும் கணினியில் செய்துவிடும் இந்தக் காலத்தில் அந்த விடை எண்பதுகளில் இருந்ததைவிடக் கனமாக இருக்கும். எழுதியவர் வெறும் கற்பனைக்காரர் இல்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பெடல் மிதித்த கை எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கோ.

பெரியவர்களுக்கு நீல் போஸ்ற்மன் 1985 இல் எழுதிய ‘அமியூசிங் அவர்செல்வ்ஸ் டு டெத்’. களித்துக் களித்தே சாகிறோம் என்று தலைப்பைச் சொல்லலாம். அவர் பேசியது ரீவியைப் பற்றி. முன்னுரை ஒன்றரைப் பக்கம் போதும். அதில் அவர் ஓர்வெல், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கில நாவலாசிரியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். புத்தகத்தைத் தடைசெய்பவனுக்கு ஓர்வெல் பயந்தார். புத்தகத்தைத் தடைசெய்ய ஒரு காரணமுமே இராது, ஏனென்றால் வாசிக்க ஒருவரும் இருக்கமாட்டார் என்று ஹக்ஸ்லி பயந்தார். ஹக்ஸ்லி சொன்னதுதான் நடந்தது என்பது போஸ்ற்மனின் கட்சி. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒன்றைத் தெரிவு செய்யலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே ஆயுளுக்குள் கிடைத்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று உங்கள் பிரதேச சபை நூலகத்தில் பின்னேரம் நாலு மணிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கோ. இதே சமயம், 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையச் சேகரம் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து இலவசமாகத் தருகிறது. எரித்ததும் மனிதர், மீட்டதும் மனிதர், நடுவில் கணினி. போஸ்ற்மனிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும், ஆனால் அவர் 2003 இலேயே போய்விட்டார்.

இனி நான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைப்பது. வெர்ஜினியா யூபாங்க்ஸ் 2018 இல் எழுதிய ‘ஓட்டோமேற்றிங் இனிகுவாலிற்றி’. சமத்துவமின்மையைக் கணினியிடம் ஒப்படைப்பது பற்றிய நூல். அமெரிக்காவின் மூன்று இடங்களில், ஏழைகளுக்கு யார் உதவி பெறுவது, யார் வீடு பெறுவது, எந்தக் குடும்பத்தின் பிள்ளையை அரசாங்கம் கண்காணிப்பது என்பதைக் கணினிக்குக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று ஆட்களின் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டு எழுதியிருக்கிறார். இந்தியானா மாநிலத்தில் மூன்று வருசத்தில் பத்து இலட்சம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. படிவத்தில் சின்னப் பிழை இருந்தாலும் கணினி அதை ‘ஒத்துழைக்கத் தவறினார்’ என்று எழுதியது. பிழை விட்டது அலுவலகமாக இருந்தாலும் அதே வார்த்தைதான்.

இதை வாசிக்கும்போது உங்கள் அம்மாமார் தலையாட்டுவார்கள், பாருங்கோ. எங்கள் நாட்டில் 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தது. அது ஓரளவு நன்றாகவே வேலை செய்தது, கியூ குறைந்தது, மறுக்க முடியாது. அடுத்த வருசம் யூலையில், ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதுத் திட்டம் வந்தது. வீடு வீடாகத் தகவல் எடுத்து, 22 குறிகாட்டிகளை வைத்து, யார் ஏழை, யார் மிக ஏழை என்று கணக்குப் பிரித்தார்கள். பட்டியல் வெளிவந்ததும் நாடு முழுவதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் குவிந்தன. நான் இங்கே திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முன்பு பட்டியலில் பெயர் விடுபட்டால் யாரைத் திட்ட வேண்டும் என்று சனத்துக்குத் தெரியும். கையில் குடை வைத்திருக்கும், சைக்கிளில் வரும் ஓர் அலுவலர். அவர் பக்கச்சார்பாக நடந்தாரா, நடக்கலாம். ஆனால் அவரை வழிமறித்துக் கேட்கலாம். இப்போது அவரே கையை விரித்து, “நான் ஒன்றும் செய்யேலாது, சிஸ்ரம் அப்படிக் காட்டுது” என்கிறார். யூபாங்க்ஸின் முழுப் புத்தகமும் அந்த ஒரு வசனத்தைப் பற்றியதுதான். சிஸ்ரம் என்று ஒன்று தானாக இல்லை. எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி என்று ஒரு மேசையில் இருந்து யாரோ முடிவெடுத்தார்கள். அவர்களும் பெடல் மிதிப்பவர்கள்தான், எங்கோ தூரத்தில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடியது: முதல் அத்தியாயங்களை நீங்களே வாசித்துவிட்டு, இந்தியானாக் கதையை மட்டும் கதையாகச் சொல்லுங்கோ. பிறகு ஒரு தாளில் “ஒரு வீட்டை ஏழை வீடு என்று எந்த அடையாளத்தால் சொல்வீர்கள்?” என்று கேட்டு எல்லோரையும் எழுதச் சொல்லுங்கோ. ஓட்டு வீடு இருந்தால் வசதியா? அந்த வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்து, மிச்ச வேலைக்கு வாங்கிய கடன் இன்னும் கழியவில்லை என்றால்? மோட்டார் சைக்கிள் இருந்தால்? அது லீசிங்கில் எடுத்தது என்றால்? அரை மணித்தியாலத்தில் உங்கள் கையில் ஒரு குறிகாட்டிப் பட்டியல் இருக்கும். ஒவ்வொருவரும் மற்றவரின் வீட்டைத் தள்ளிவிட்டிருப்பார்கள். புத்தகம் சொல்ல வருவது அப்போது விளங்கும்.

எங்கள் நாடே வரும் புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் மக்ஸ் ஃபிஷர் 2022 இல் எழுதிய ‘த கேயொஸ் மெஷின்’. சமூக ஊடகங்கள் கோபத்தை எப்படி விற்கின்றன என்பதைப் பற்றி. 2018 இல் அவர் இலங்கைக்கு வந்து பார்த்தவர். அந்த வருசம் பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது கருத்தடை மாத்திரைதானே என்று ஒருவர் சத்தம் போடுகிறார். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் தலையாட்டிவிடுகிறார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகிப் பேஸ்புக்கில் பரவுகிறது. கடை நொறுக்கப்படுகிறது. மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பெரிய அளவில் வன்முறை. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுக்கத் தடைசெய்தது. தங்கள் தளத்துக்கு அதில் பங்கு இருந்ததற்கு பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 இல்.

அந்தத் தலையாட்டலை வன்னியில் விளக்கத் தேவையில்லை. விளங்காத மொழியில் கேள்வி வரும்போது தலையை ஆட்டிவிட்டுத் தப்பப் பார்ப்பது என்னவென்று எங்களில் பாதிப் பேருக்கு நேரே தெரியும். பிள்ளைகளிடம் இதைப் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த நேரத்தில் வெறுப்புப் பதிவுகளைப் பார்த்து நீக்கச் சிங்களம் தெரிந்த ஆட்கள் அந்த நிறுவனத்திடம் போதாமல் இருந்தார்கள். சின்ன மொழிகளுக்குக் காவலாளி வைப்பது செலவு. சிங்களத்துக்கே அந்த நிலை என்றால், நாங்கள் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதும் வசையை யார் வாசித்துப் பார்க்கிறார்?

சரி, தொடர்கள். ‘பிளக் மிரர்’ பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சார்ளி புரூக்கர் உருவாக்கியது, 2011 இல் பிரிட்டனின் சனல் 4 இல் தொடங்கி, 2016 இல் இருந்து நெற்பிளிக்ஸில். ஒவ்வொரு பகுதியும் தனிக் கதை, ஆகவே முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. முதல் பகுதியைச் சனசமூக நிலையத்தில் போட்டுவிடாதேங்கோ, பிறகு நீங்கள் ஊரில் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கு ‘நோஸ்டைவ்’ போதும். ஒவ்வொருவரும் மற்றவருக்குப் போனில் நட்சத்திரம் போடுகிறார்கள், நட்சத்திரம் குறைந்தால் வீடு கிடைக்காது, விமானத்தில் இடம் கிடைக்காது. இதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள், இது கலியாண வீட்டில் சொந்தக்காரர் செய்கிறதுதானே என்று. உண்மைதான்.

2013 இல் வந்த ‘பி ரைட் பக்’ என்ற பகுதியைப் பற்றித்தான் யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. விபத்தில் இறந்த கணவன் இணையத்தில் எழுதியவற்றையும் அவன் குரலையும் வைத்து ஒரு கம்பனி அவனைப் போலவே கதைக்கும் ஒன்றை மனைவிக்குச் செய்து கொடுக்கிறது. முதலில் எழுத்து, பிறகு குரல், பிறகு உடம்பு.

2010 க்குப் பிறகு நான் ஏ9 வீதியோரமாக ஒரு கொமினிகேசன் வைத்திருந்தேன். போட்டோக் கொப்பி, ஸ்கான், லமினேற்றிங். அந்த வருசங்களில் என்னிடம் அதிகம் வந்தது படங்கள். தண்ணீர்பட்டு முகத்தில் பாதி போன படம், அடையாள அட்டையில் இருந்து பெருப்பிக்க வேண்டிய படம், பள்ளிக்கூடக் குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் பிள்ளையைத் தனியே எடுக்க வேண்டிய படம். பலருக்கு அந்த ஒன்றுதான் மிச்சம். சிலர் பிள்ளைக்குப் புதுச் சேட் போட்டுத் தரச் சொல்வார்கள். சிலர் தம்பியின் கலியாணப் படத்தில் அண்ணனை நிறுத்தித் தரச் சொல்வார்கள். செய்து கொடுத்திருக்கிறேன். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடத் தொடங்கியபோது, அங்கே கையில் இருந்த படங்களில் சில என் மெஷினுக்குள்ளால் போனவை.

2021 இல் பழைய படத்தைக் கண்சிமிட்ட வைக்கும், தலைதிருப்ப வைக்கும் ஒரு செயலி வந்தது. கடையில் நின்ற பெடியன் ஒருவன், நல்லது என்று நினைத்து, ஓர் அம்மாவின் மகனின் படத்தை அப்படிச் செய்து காட்டினான். அவ பார்த்தா. “ஒருக்கால் திரும்பப் போடு” என்றா. போட்டான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இவன் இப்படித் திரும்பிப் பாரான்” என்றா. அவ்வளவுதான். லமினேற் பண்ணின படத்தை வாங்கிக்கொண்டு போயிற்றா.

தொடரில் வரும் மனைவிக்கு இதே முடிவுக்கு வர ஐம்பது நிமிடம் எடுக்கிறது. அந்த நிமிடங்களை உங்கள் வட்டத்தில் போட வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என் எண்ணம், பொதுவில் போட வேண்டாம். கதையை முன்கூட்டியே சொல்லி, விரும்புகிற பெரியவர்கள் மட்டும் தனியாகப் பார்க்கட்டும். தொடரில் இருக்கும் பெண்ணுக்குக் கணவன் இறந்தது தெரியும். எங்களில் பலருக்கு அதுவே தெரியாது. இந்தக் கருவியை அவர்களின் கையில் கொடுத்தால் அது என்ன செய்யும் என்று எந்தத் தொடரும் இன்னும் காட்டவில்லை. ஒருநாள் உங்கள் பிள்ளைகளில் ஒன்று எழுதலாம்.

மனதை லேசாக்க ஒரு படம். 2019 இல் வந்த மலையாளப் படம் ‘ஆண்ட்ராய்ட் குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போக, ஊரில் தனியே இருக்கும் பிடிவாதக்காரத் தகப்பனைப் பார்க்க ஓர் இயந்திர மனிதன் வருகிறான். தகப்பன் முதலில் விரட்டுகிறார், பிறகு அதற்கு வேட்டி கட்டி ஊருக்குள் கூட்டிக்கொண்டு திரிகிறார். 2022 இல் இதைத் தமிழில் ‘கூகுள் குட்டப்பா’ என்று எடுத்தார்கள். அதில் நடித்த தர்ஷன், லொஸ்லியா இருவரும் எங்கள் நாட்டுப் பிள்ளைகள் என்பதால் உங்கள் கூட்டம் அதைத்தான் கேட்கும். எனக்கு மலையாளம்தான் பிடித்தது, ஆனால் சண்டை பிடிக்க மாட்டேன். படம் முடிந்ததும், ஷெரி ரேர்க்கிள் 2011 இல் எழுதிய ‘அலோன் ரூகெதர்’ நூலில் இருந்து ஒரு விஷயத்தைச் சொல்லுங்கோ. ஜப்பானில் செய்த பாரோ என்ற இயந்திரக் கடல்நாய்க் குட்டியை முதியோர் இல்லங்களில் கொடுத்தபோது, வயதானவர்கள் அதைத் தடவித் தடவித் தங்கள் கவலையைச் சொன்னார்கள். ரேர்க்கிளுக்குக் கவலை தந்தது இயந்திரம் இல்லை. இதுவும் நல்லதுதானே என்று பக்கத்தில் நின்றவர்கள் ஆறுதல் அடைந்ததுதான். இயந்திரத்துக்குச் சாவு தெரியாது, பிள்ளையைப் பிரிவது தெரியாது, அதனிடம் சொன்ன கதையை யார் கேட்டார்? எங்கள் கிராமங்களில் மாதா மாதம் காசு வரும், ஆள் வராத வீடுகள் எத்தனை. வாத்தியாரைப் பேசவிடுங்கோ, அவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.

பொட்காஸ்ட் என்றவுடன் பயப்பட வேண்டாம், சேர்த்து வைக்கக்கூடிய ரேடியோ அது. காது எங்களுக்குப் பழக்கப்பட்ட உறுப்பு. டேட்டாவும் வீடியோவைவிட எவ்வளவோ குறைவாகப் போகும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி, மெமரி கார்ட்டில் போட்டுக் கொண்டுவரலாம். ஆளுக்கொரு இயர்போன் வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, யாராவது ஒருவர் தமிழில் சொல்லட்டும்.

முதலாவதாக ‘த மிசிங் கிரிப்ரோகுயின்’, பிபிசி, 2019. ஜேமி பாட்லெற் என்ற செய்தியாளர் செய்தது. வன்கொயின் என்ற பெயரில், உண்மையில் இல்லாத ஒரு டிஜிற்றல் காசை உலகம் முழுக்க விற்றுவிட்டு, 2017 ஒக்ரோபரில் காணாமல் போன ருஜா இக்னாற்றோவா என்ற பெண்ணைத் தேடும் கதை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 இல் அவரைத் தேடப்படும் முதல் பத்துப் பேரில் சேர்த்தது. துப்பறியும் கதை போலப் போகும், பெடியள் எழும்பமாட்டார்கள். ஆனால் நீங்கள் தவறவிடக்கூடாதது உகண்டாவுக்குப் போகும் பகுதி. அங்கே இதில் காசு போட்டவர்கள் பணக்காரர் இல்லை, ஊர்ச் சனம். அவர்களுக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்தது ருஜா இல்லை. தெரிந்தவர், கோவில் ஆள், சொந்தக்காரர்.

எங்கள் பக்கத்தில் இது நடக்கவில்லையா? எனக்கே நடந்தது. ஒரு செயலியில் காசு போட்டால் தினமும் இவ்வளவு வரும் என்று கொண்டுவந்தவர் என் மனைவி பக்கத்து உறவு. அவரும் பொய் சொல்லவில்லை, அவருக்கு முதல் மூன்று மாதம் வந்தது. எனக்குப் பின்னால் நான் சேர்த்துவிட்ட இரண்டு பேரின் முகத்தில் நான் இன்னும் நேரே முழிப்பதில்லை. அந்த விளையாட்டில் மிதித்தவனும் நான்தான், கேட்டு ஏமாந்தவனும் நான்தான். பொட்காஸ்ட் கேட்டுவிட்டு இதை உங்கள் வட்டத்தில் சொல்ல என்னைக் கூப்பிட்டால் வருவேன்.

இரண்டாவது, நியூயோர்க் ரைம்ஸின் ‘ரபிற் ஹோல்’, 2020, எட்டுப் பகுதி, கெவின் ரூஸ் செய்தது. ஓர் அமெரிக்க இளைஞன் தான் யூரியூப்பில் பார்த்த எல்லா வீடியோவின் சரித்திரத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். எந்த வீடியோவுக்குப் பிறகு எது வந்தது, எந்த இடத்தில் அவன் வேறு ஆளாகிப்போனான் என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறார்கள். இதைக் கேட்டபிறகு பிள்ளைகளிடம், தங்கள் போனில் யூரியூப் ஹிஸ்ரறியைத் திறந்து, ஒரு மாதத்துக்கு முந்திய ஒரு நாளை மட்டும் தாங்களே பார்க்கச் சொல்லுங்கோ. ஒருவரும் மற்றவருக்குக் காட்ட வேண்டியதில்லை. தேடிப் பார்த்தது எத்தனை, தானாக வந்து நின்றது எத்தனை என்று எண்ணினால் போதும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். ‘த சோஷல் டிலெமா’ 2020 இல் நெற்பிளிக்ஸில் வந்த ஆவணப்படம். போட்டுக் காட்டலாம், ஆனால் பொறியைச் செய்தவர்களே வந்து கண்கலங்குவதை ஒன்றரை மணித்தியாலம் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். ஷொஷானா சுபோஃபின் ‘த ஏஜ் ஒஃப் சேர்வேலன்ஸ் கப்பிற்றலிசம்’ மிக முக்கியமான நூல், 2019. நான் பாதியில் விட்டேன், இரண்டு முறை. ஜொனதன் ஹைட்டின் ‘த அங்ஷஸ் ஜெனரேஷன்’, 2024, பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். போன்தான் பிள்ளைகளின் மனநோய்க்குக் காரணம் என்று அடித்துச் சொல்கிறது. அந்தத் துறை ஆய்வாளர்கள் சிலர், சான்று அவ்வளவு தூரம் போகவில்லை என்று எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அடுத்த கிழமை நாலு வீட்டில் போன் அலுமாரிக்குள் பூட்டப்படும். ‘அடோலசன்ஸ்’, 2025, நாலு பகுதி, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்தது. சக மாணவியைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பெடியனைப் பிடித்துப் போகிறார்கள். பெற்றோருக்கு மட்டும், பிள்ளைகள் தூங்கினபிறகு. ‘லவ் டுடே’யை நீங்கள் போடத் தேவையில்லை, எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் சிரித்து முடிந்தபிறகு, அந்தப் பெண்ணின் போலி வீடியோ பரவும் இடத்தைப் பற்றி மட்டும் பெண்பிள்ளைகளோடு தனியாகக் கதையுங்கோ. அவர்களுக்குத் தெரிந்த கதைகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

எதை முதல் எடுப்பது என்று திரும்பக் கேட்டால், ஃபோஸ்டரின் கதை. நான் தமிழில் சொன்னபோது எழுதிய குறிப்பு ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து விளங்காத இடத்தில் கோல் எடுங்கோ. ஸ்பீக்கர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அடுத்த முறை மல்லாவிக்கு வரும்போது கொண்டுவருவேன். பற்றரி கொஞ்சம் பலவீனம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. நீங்கள் வயரை நீளமாக இழுத்து வையுங்கோ.